நரி, பரி, பாட்டு

கேள்வி: நானும் நண்பனும் ஒரு பழைய சினிமாப் பாட்டை வீட்டிலேயே பாடிப் பதிவு செய்தோம். தாளத்துக்கு எவர்சில்வர் குடமும் தகர டப்பாவும். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். செயலியில் போட்டுக் குரலைச் சரிசெய்து வெளியிடலாமா?
- ஒரு வாசகர், திருவாதவூர்

பதில்: நரியைப் பரியாக்கிய கதைக்கு உரிய ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! மாணிக்கவாசகருக்காக ஈசனே ஆக்கிய பரிகள், ராத்திரியானதும் மறுபடி நரியாகி ஊளையிட்டன. செயலி எம்மாத்திரம்? சிரிக்கிறார்கள் என்றால் பாட்டு பாஸ். 2011இல் அனிருத் இசையில் தனுஷ் பாடிய 'கொலவெறி'யைத் தெருவுக்குத் தெரு தங்கள் பாணியில் பாடினார்களே, சுருதிக்காகவா கேட்டோம்? குடத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பக்கத்தில் தட்டினால் 'ணங்'கென்று உங்கள் குரலை முழுங்கிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்துப் பாடினால் எதிரொலி குறையும். வேர்க்கும், கலைக்காகப் பொறுங்கள்.

உங்கள் ஊர்க்காரரின் திருவாசகத்துக்கு 2005இல் இளையராஜா புடாபெஸ்ட் இசைக்குழுவோடு இசையமைத்தார். மாணிக்கவாசகரிடம் அனுமதி கேட்கும் சிக்கல் அவருக்கு இல்லை. உங்களுக்கு உண்டு. நண்பர்களோடு கேட்டுச் சிரிப்பதோடு நின்றால் கவலையில்லை. விற்கப் போனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு குறுக்கே நிற்கும்: முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், உரிமையாளருக்கு முன்கூட்டித் தெரிவித்து ராயல்டியும் கட்ட வேண்டும். குடத்துக்கு ராயல்டி கிடையாது.