கடலோரம் என்றால் சமதரை என்று நினைத்தேன்

எனக்குக் கடற்கரை என்றால் மெரினாதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். அங்கே உள்ள ஒரே ஏற்றம் சுண்டல் விலையில்தான். இந்தப் பூகோள அறிவை மட்டும் நம்பித்தான் ஸ்பெயினில் ஒரு யாத்திரைப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன்.

பெர்லினில் இருக்கும் மகன் ஜூலையில் வரச் சொல்லியிருந்தான். "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே சான்டியாகோவுக்குக் கொஞ்சம் நடந்துட்டு வரலாங்க" என்றாள் மனைவி. பழனிக்கு ஏழு முறை நடந்தவள். வடமேற்கு ஸ்பெயினில் உள்ள சான்டியாகோ தே கொம்போஸ்டெலாவில் இயேசுவின் சீடரான யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பிக்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜனங்கள் நடந்து போகிறார்கள்.

"முருகன் கோச்சுக்க மாட்டாரா?" என்றேன்.

"அவரே கோச்சுக்கிட்டு மலையேறினவர்தானே. நடக்கிறவங்க கஷ்டம் அவருக்குத் தெரியும்."

பாதைகள் பல. பலரும் போவது 'கமினோ பிரான்செஸ்'. சுமார் 780 கிலோமீட்டர். நடுவில் புர்கோஸ் நகரத்துக்கும் லெயோனுக்கும் இடையே மெசேட்டா என்றொரு பீடபூமி: கண்ணுக்கெட்டிய வரை கோதுமை வயல், ஒதுங்க மரமில்லை. நாம் பழனிக்கு நடப்பது தை மாதத்தில், பனியில். ஐரோப்பாவிலோ விடுமுறை கோடையில் வருகிறது, ஆகவே பக்தியும் கோடையில் வருகிறது. ஊர் வெயிலுக்குப் பயந்து வெளியே வந்தவன் டிக்கெட் எடுத்துப் போய் வெயிலில் நிற்பானா?

அடுத்தது 'கமினோ தெல் நோர்தே', வடக்குப் பாதை. பிரெஞ்சு எல்லையில் உள்ள இருன் ஊரில் தொடங்கி மேற்கே சுமார் 820 கிலோமீட்டர். கோடையிலும் இதமான கடல்காற்று. வரைபடத்தில் வலது கைப்பக்கம் நீலமாகக் கடல், இடது கைப்பக்கம் பச்சை. அந்தப் பச்சையைப் பூங்கா என்று நினைத்தேன். அது மலை.

முழுதும் நடக்க ஐந்து வாரமாவது வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு வாரம். எனவே இருன் முதல் பில்பாவ் நகரம் வரை, சுமார் 150 கிலோமீட்டர். நடந்ததற்குச் சான்றிதழ் உண்டாம். ஆனால் அதற்கு நடக்க வேண்டியது சான்டியாகோவுக்கு முந்தைய கடைசி 100 கிலோமீட்டர். நாங்கள் நடந்தது முதல் 150. படிக்காத பாடத்தில் பரீட்சை வைப்பது எனக்குப் பள்ளிக்காலம் தொட்டுப் பழக்கம்தான்.

முதல் நாளே ஹைஸ்கிபெல் மலை. ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரம். குவாதலூப்பே மாதா கோயில் அருகே பாதை இரண்டாகப் பிரிகிறது: முகட்டின் மேல் ஒன்று, சரிவோடு ஒன்று. நான் சரிவைப் பார்த்தேன், மனைவி முகட்டைப் பார்த்தாள். முகட்டில் போனோம். மேலே குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்துவிட்டுப் பரிதாபத்தோடு புல்லுக்குத் திரும்பின. கீழே கடல் அற்புதமாக இருந்தது என்று மனைவி சொன்னாள். நான் பார்த்தது என் ஷூவின் முனையை.

மாலையில் பசாயா என்ற துறைமுகம். அங்கே மறுகரைக்குச் சின்னப் படகில் போக வேண்டும், சில நிமிடங்கள்தான். மொத்தப் பயணத்திலும் மேடு பள்ளம் இல்லாமல் நான் கடந்த தூரம் அது ஒன்றே.

இந்தக் கரையின் சூட்சுமம் இரண்டாம் நாள்தான் புரிந்தது. மலை நேராக வந்து கடலில் இறங்குகிறது. மலையை அறுத்துக்கொண்டு ஆறுகள் வருகின்றன. ஒவ்வொரு ஆற்றின் முகத்துவாரத்திலும் ஓர் ஊர். பாதை அந்த ஊருக்கு இறங்கும், ஒரு காபி குடிக்கும், மறுபடி ஏறும். சம்பளம் வாங்கிய அன்றே கடனை அடைத்துவிட்டு மறுநாள் கைமாற்று கேட்கிற குடும்பஸ்தன் மாதிரி, காலையில் சேர்த்த உயரத்தையெல்லாம் மதியத்துக்குள் செலவழித்துவிடும்.

அதுகூடப் போகட்டும். தேபா என்ற ஊர் வந்ததும் பாதை கடலுக்கு டாட்டா காட்டிவிட்டுக் காட்டுக்குள் திரும்பிவிட்டது. அங்கிருந்து பில்பாவ் வரை பெரும்பாலும் மலையும் பண்ணையும்தான். கூடவே 'சிரிமிரி' என்று அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக அழைக்கும் பொடித்தூறல். மழை என்று குடை விரிக்கவும் முடியாது, மழையில்லை என்று நனையாமல் இருக்கவும் முடியாது. வெயிலுக்காக நான் சுமந்து வந்த இரண்டு டியூப் கிரீமும் திறக்கப்படாமலே மலையேறின. மனைவி சுமந்து வந்த புளியோதரைப் பொடி தினமும் எடை குறைந்தது.

ராத்தங்கல் 'அல்பெர்கே' என்னும் யாத்ரீகர் விடுதியில். அரசு விடுதிகளில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது. முந்தி வந்தவருக்குக் கீழ்க் கட்டில். நான் எந்த ஊருக்கும் முந்தி வந்ததில்லை. பகலெல்லாம் மலையேறியவன் இரவில் மேல் பர்த்துக்கு ஏணியில் ஏறினேன். சீனியர் சிட்டிசன் கோட்டாவெல்லாம் அங்கே செல்லாது.

ஆகவே கோடையில் அங்கே நடக்க நினைப்பவர்களுக்கு அடியேன் சொல்வது இதுதான். மெசேட்டா வெயிலைக் கொடுத்துச் சமதரையைத் தரும். வடக்குப் பாதை மேட்டைக் கொடுத்து நிழலைத் தரும். தலையா முழங்காலா, எதைக் காணிக்கை வைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். இரண்டும் முழுசாக வேண்டும் என்பவர்களுக்கு மெரினா இருக்கிறது.

ஜூலை 25, யாக்கோபின் திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அது புனித ஆண்டு. 2027இல் வருகிறது. மிச்சத்தை அப்போது நடந்துவிடலாம் என்கிறாள் மனைவி. பில்பாவிலிருந்து இன்னும் சுமார் 670 கிலோமீட்டர். ஊரைவிட்டு வெளியேறும்போதே மலை இருக்கிறதா என்று இந்த முறை முன்கூட்டியே பார்த்துவிட்டேன்.

இருக்கிறது.