கிள்ளான் ஆற்றை ஆய்வுக்கூடத்திலேயே சுத்தமாக்குவது எப்படி?

ஆற்றில் இறங்கிச் சேறு அள்ள வேண்டாம். ஒரு பாட்டில், ஒரு பிரிபுனல், ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், கொஞ்சம் துணிச்சல் போதும்.

தண்ணீரை பிரிக்பீல்ட்ஸ் பின்னால் எடுக்கலாம். மழை தொடங்கியதும் ஓடாதீர்கள். சாலைத் தூசியெல்லாம் முதல் ஓட்டத்தில்தான் வரும். கொட்டித் தீர்த்து ஆறு பெருகட்டும்.

பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே இறக்கச் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அமிலம் இல்லாவிட்டால், நாம் அளக்கப்போகும் ஈயம் பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டுங்கள். ஆற்று ஈயம் பெரும்பாலும் வண்டலோடுதான் பயணம் செய்யும். தாளோடு அதுவும் குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

இனி டைத்திசோன். குளோரோஃபார்மில் கரைத்தால் பச்சை. ஈயத்தைப் பிடித்தால் செர்ரிச் சிவப்பு. தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கினால் ஈயம் குளோரோஃபார்முக்குத் தாவி அடியில் தங்கும். தாமிரமும் துத்தநாகமும் குறுக்கே வராமலிருக்க அம்மோனியாவும் சயனைடும் சேர்ப்பது முறை. (இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்: சயனைடில் அமிலம் பட்டால் எழும் வாயு ஆளையே கொன்றுவிடும்.) நாம் குலுக்குவதோ பேருக்கு இரண்டு தடவை. பாதி ஈயம் தண்ணீரிலேயே நிற்கும்.

510 நானோமீட்டரில், சிவப்பு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கருவி சொல்லும். அதிலிருந்து, ஆற்றுநீர் சேராத வெற்றுக் கரைசலின் அளவைக் கழிக்க வேண்டும். நம் திறமை முழுக்க இங்கேதான். வெற்றுக் கரைசலுக்கு மட்டும் சரியாகக் கழுவாத கண்ணாடிச் சாமானை எடுங்கள்; அதில் ஒட்டிய ஈயமும் சேர்ந்து கழிந்துவிடும். ஆனால் அளவு மிஞ்சினால் விடை எதிர்மறையாகும். ஆறு நமக்கு ஈயம் பாக்கி வைத்திருக்கிறது என்று எந்த அதிகாரியிடம் விளக்குவீர்கள்?

அப்படியும் எண் பெரிதாக வந்தால் அளவுகோலை மாற்றுங்கள். தேசிய நீர்த்தர அட்டவணையின் இரண்டாம் வகுப்பில் ஈய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 2009-ஆம் ஆண்டு ஆலைக்கழிவு விதியின் 'பி' தரத்தில் 0.5. அது ஆலைக் குழாய்க்கு உரியது, ஆற்றுக்கு அல்ல. ஒரு பூஜ்ஜியத்துக்காக யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

மிச்சமான குளோரோஃபார்மும் சயனைடும் 2005-ஆம் ஆண்டு விதிப்படி அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். செலவுக்குப் பயந்து லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றிவிடாதீர்கள். அது நேராக ஆற்றில் போய்ச் சேரும். அடுத்த மாதம் சுத்தமாக்க வேண்டியவரும் நீங்கள்தான்.