தொட்டிக்குள் ஒரு கடல்

கேள்வி: அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியை முதலில் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சோதிக்கிறார்களாமே? நேரே மரக்காணம் கடலில் இறக்கிப் பார்த்தால் என்ன?
- ஒரு வாசகர், திருவாமாத்தூர்

பதில்: கடல் நாம் கேட்ட அலையைத் தராதே! தொட்டி தரும், நூறு முறை கேட்டாலும் அதே அலையை. கருவியை 25-ல் ஒரு பங்காகச் செய்தால் 2 மீட்டர் அலைக்கு 8 சென்டிமீட்டர் போதும். 10 விநாடி அலை 2 விநாடியாகிவிடும். ஆனால் மின்திறன் கணக்கில் மாதிரியின் 1 வாட், நிஜத்தில் சுமார் 78 கிலோவாட். உராய்வில் சின்னப் பிசகு நேர்ந்தாலும் கணக்கு எங்கோ போய்விடும்.

தொட்டியில் அடுத்துப் பார்ப்பது கருவியின் கட்டுப்பாடு. ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் நேரம் பார்க்க வேண்டும். அலையில் ஆடும் மிதவையை ஜெனரேட்டர் அதிகமாக இறுக்கிப் பிடித்தால் மிதவை அசையாது. விட்டுவிட்டால் சும்மா ஆடும், மின்சாரம் வராது. இரண்டுக்கும் நடுவே உள்ள பிடி அலைக்கு அலை மாறும்.

அலை மின்சாரத்தில் நம்மவர்கள் முன்னோடிகள். கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991-லேயே சென்னை ஐ.ஐ.டி.யின் 150 கிலோவாட் அலை மின்நிலையம் ஓடியது. அலை ஏறி இறங்கும்போது அறைக்குள் காற்று போய்வரும். எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் டர்பைன் அங்கே இருந்தது. 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் தள்ளி அதே ஐ.ஐ.டி. 'சிந்துஜா-1' மிதவையை இறக்கியது. 100 வாட்தான், வீட்டில் ஒரு மின்விசிறி ஓடும். நடுக்கடலில் அளவெடுக்கும் கருவிகளுக்கோ அது பெரிய வரம். மரக்காணத்துக்கும் ஒன்று வரட்டும்!