கொட்டிராதீங்க!

ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். மில்லில் ஓய்வுபெற்றவர், மொட்டைமாடி முழுக்கச் சாக்குப் பைகளில் கத்தரியும் தக்காளியும். குப்பை வண்டிச் சத்தம் கேட்டு நாம் வாளியோடு இறங்கினால், அதற்குள் எட்டிப் பார்த்து, "கொட்டிராதீங்க தம்பி!" என்பார். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

அரிசி களைந்த தண்ணீர், வெங்காயச் சருகு எல்லாம் அவருக்கு அரிச்சுவடி. மேற்படிப்பு சலூனில்தான். தன் தலையில் வெட்ட அதிகமில்லை. தரையில் கிடப்பதை அள்ளத்தான் போவார். "முடியில நூத்துக்குப் பதினஞ்சு தழைச்சத்து. தொழுவுரத்துல அரைதான!" கணக்கு சரிதான். ஆனால் முடி மட்குவதற்குள் பேரனுக்கு மீசை முளைத்துவிடும்.

எதிர்வீட்டில் ராஜபாளையம் நாய். 2005-இல் தபால்தலையிலேயே ஏறிய இனம். அண்ணாச்சியிடம் மட்டும் அதற்கு மரியாதை கிடையாது. ஒட்டிய ரோமம், சீவினால் ஒரு பிடி தேறாது. "ஒரு பொமரேனியன் வளத்திருக்கலாம்ல?" என்று அந்த வீட்டாரிடமே கேட்டுவிட்டார். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

மீன் கழிவும் நாட்டுச்சர்க்கரையும் சம எடை. மூடிவைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம். பழவாசம் வரும் என்றார். வந்த வாசத்துக்கு மதினி வைத்த பெயரைப் பத்திரிகையில் போட முடியாது.

சம்பந்தி வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு ஊரே பால்கோவாவோடு திரும்பும். இவர் பால்கோவா காய்ச்சிய விறகடுப்புச் சாம்பலை ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். கண்டக்டர் பையை அமுக்கிப் பார்த்து, "மாவா அண்ணாச்சி?" என்பார். "சாம்பல்சத்துப்பா!" சம்பந்தி கொஞ்சம் முகம் சுளித்தாலும் பதில் தயார்: "பெரியாழ்வார் நந்தவனத்துக்கு யூரியாவா போட்டாரு?"

இன்னொரு உரம் உண்டு. காசு கிடையாது, கடைக்குப் போக வேண்டாம், தினமும் காலையில் வீட்டிலேயே உற்பத்தி. பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்ற வேண்டும். இதை மட்டும் அண்ணாச்சி பெண்கள் இல்லாத நேரத்தில், குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். ஆனாலும் தெருவுக்கே தெரியும்.

காய் என்னவோ அருமையான காய். பளபளவென்று, காம்பில் முள்ளோடு, வீடுவீடாகக் கொண்டுவந்து கொடுப்பார். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. வாங்கும்போது ஒரே கேள்விதான்: "இது எந்தப் பைச் செடி அண்ணாச்சி?"

"கழுவித்தான சமைக்கப் போறீங்க?"