தும்பிக்குப் பின்னால் ஒரு ரோஜா நிறப் பொட்டு

கேள்வி: சுங்கை பஞ்சாங் வயலில் எடுத்த தும்பிப் படத்தைப் புலனக் குழுவில் போட்டால் வருவதெல்லாம் கட்டைவிரலும் ‘அருமை’யும்தான். அது விமர்சனம் ஆகாதா?

பதில்: ஆகாது, அது மொய். இன்று வைத்தவருக்கு நாளை திருப்பி வைக்க வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. பட அமைப்பைப் பற்றிய கருத்து என்பது, பார்ப்பவரின் கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே சிக்கியது என்று சொல்வது. வட சிலாங்கூர் நெல்வயலில் கண் சிக்குவதற்கென்றே ஒரு பொருள் உண்டு: நெல் தண்டில் ஒட்டியிருக்கும் தங்க நத்தையின் முட்டைக் கொத்து. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த நத்தை தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் முட்டையிடும். தும்பி உட்காரும் உயரமும் ஏறத்தாழ அதுவே. பச்சைக்கு நடுவே அந்த முட்டைகளின் ரோஜா நிறம் தும்பியை விழுங்கிவிடும்.

‘பின்னணி சரியில்லை’ என்பது முணுமுணுப்பு. ‘இடது ஓரத்துப் பொட்டு, தும்பியின் தலைக்கு முன்பே கண்ணை இழுக்கிறது, கேமராவை நாலு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தியிருந்தால் பொட்டு சட்டத்துக்கு வெளியே போயிருக்கும்’ என்பது கருத்து. பொருள் ஓரடியிலும் பின்னணி ஐந்தாறு அடியிலும் இருக்கும்போது, நாலு விரற்கடையில் பின்னணி முழுக்க மாறிவிடும். இந்த வகைப் படத்தில் பாதிக் குறைகள் பூச்சிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. பூச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: ‘இன்னும் நெருங்கி எடு’ என்பது எல்லாப் படத்துக்கும் ஏற்ற ஆலோசனையா?

பதில்: கோடாலித் தைலம் போல எங்கே வலித்தாலும் தடவப்படும் ஆலோசனை அது. செம்பனையின் ஆண் பூவில் திரியும் வண்டைப் பார்க்கலாம். கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்ட வண்டு இது. அதற்கு முன் பல தோட்டங்களில் தொழிலாளர்களே மகரந்தத்தைக் கையால் தூவி வந்தார்கள். வண்டின் நீளம் 3 அல்லது 4 மி.மீ. முழுச்சட்டக் கேமராவில், பொருள் தன் அசல் அளவிலேயே பதியும்போது சட்டத்தின் அகலம் 36 மி.மீ.; வண்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். நெருங்கினால் அதன் நீண்ட மூக்கு பெரிதாகத் தெரியும். மகரந்தம் உதிரும் கதிரும் அதில் ஏறி இறங்கும் கூட்டமும் காணாமல் போகும். ஒரு காலத்தில் ஆட்கள் செய்த வேலையை ஒரு பூச்சி செய்கிறது என்ற சேதியும் கூடவே போய்விடும். ஆகவே கருத்துக்கு முன் ஒரு விசாரிப்பு தேவை: படம் வண்டைப் பற்றியதா, அதன் வேலையைப் பற்றியதா? எடுத்தவர் சொல்லாதவரை விமர்சகர் தன் மனதில் உள்ள படத்தைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: வால் மங்கலாக இருக்கிறது என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், கணக்குத் தெரிந்து. அசல் அளவில், எஃப் 8 துளையில், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. எடுத்தவர் கையில் உள்ள முதல் அவ்வளவே. அதை எங்கே செலவழித்தார் என்பதே கேள்வி. கண்ணில் செலவழித்திருந்தால் வால் மங்கியது குற்றமல்ல. வாலில் செலவழித்துக் கண்ணை மங்கவிட்டால் சொல்லத்தான் வேண்டும். உடல் முழுதும் வேண்டுமென்றால், பூச்சியின் பக்கவாட்டுக்கு இணையாகக் கேமராவைப் பிடிக்கச் சொல்வது உருப்படியான யோசனை. துளையை எஃப் 16-க்குச் சுருக்கினால் ஆழம் இரட்டிக்கும். வெளிச்சம் குறையும், பின்னணியும் தெளிவாகும், ரோஜாப் பொட்டும் திரும்பி வந்து நிற்கும்.

கேள்வி: அந்தப் பொட்டைக் கணினியில் அழித்துவிடச் சொன்னால் என்ன?

பதில்: வீட்டுச் சுவருக்கு மாட்டும் படமென்றால் தாராளமாக. பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப்பின் இயற்கைப் பிரிவுக்கு அனுப்புவதென்றால் ஓரம் வெட்டலாம், உள்ளே இருப்பதை அழிக்கக் கூடாது. பயிரிட்ட செடியே முக்கியப் பொருளானால் அந்தப் பிரிவில் இடமில்லை. மனிதச் சுவடும் கூடாது; மனிதர் மாற்றிய இடத்தில் வாழப் பழகிய கூகை போன்றவற்றுக்கு விதியிலேயே விலக்கு உண்டு. எலி பிடிக்கச் செம்பனைக் காட்டில் பெட்டி வைத்து வளர்க்கப்படும் கூகைக்கு இந்தச் சலுகை தெரியாது.

கேள்வி: கம்போங் குவாந்தான் மின்மினிப் படத்தில் பூச்சியின் உடலே தெரியவில்லை. பிளாஷ் போடச் சொல்லலாமா?

பதில்: கூடாது. ஆண் மின்மினிகள் ஒன்றாகச் சேர்ந்து மினுக்குவது பெண்ணை அழைக்க; நடுவே பிளாஷ் அடிப்பது கல்யாண மேளத்துக்கு நடுவே லாரி ஹாரன். அவை தங்கும் பெரெம்பாங் மரத்தின் கிளை உருவம் கறுப்பாகத் தெரியும்படி சட்டத்தை அமைக்கச் சொல்லலாம். துடுப்புப் படகில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தால் புள்ளிகள் நெளிந்து கோடாகும். கரையில் முக்காலி வைத்தால் புள்ளி புள்ளியாகவே நிற்கும்.