காயலான் கடை அதிசயங்கள்

வீட்டில் கழித்துப்போட்டதைக் கலைப்பொருளாக்கும் மறுபயன் கைவினை, அதாவது காலி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குச் சாயம் பூசி அதை இனி எவரும் தூக்கியெறிய முடியாதபடி செய்யும் கலை, தில்லியில் மாநகராட்சியின் கைக்குப் போனதன் விளைவாக, 2019 பிப்ரவரியில் சராய் காலே கானில் ‘வேஸ்ட் டு வொண்டர்’ பூங்கா திறக்கப்பட்டது. சுமார் 150 டன் காயலான் சாமான்களில் ஏழு உலக அதிசயங்கள் அங்கே எழுந்து நிற்கின்றன. அவற்றுள் பைசா கோபுரமே கைவினைஞருக்கு மிகவும் அனுகூலமானது, ஏனெனில் பற்றவைப்பு சற்றுச் சாய்ந்துபோனாலும் அது பிழையாகாமல் வரலாற்றுத் துல்லியமாகவே கொள்ளப்படும். அதே 2019இல், எந்தக் கைவினைஞரின் உதவியுமின்றி, தில்லியின் காஜிப்பூர் குப்பைமேடு சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, 73 மீட்டர் குதுப்மினாரை எட்டிப்பிடிக்கப் பார்த்தது. அதற்கு நுழைவுச்சீட்டு அச்சிட மட்டும் யாரும் முன்வரவில்லை.