இடக்கை, வலக்கை

கேள்வி: கஞ்சாப் பொருளின் அணு அமைப்பைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டால் போதையும் மாறிவிடுமாமே?
(ஒரு வாசகர், ஆயக்குடி)

பதில்: வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு பழனி வரை நடந்து பாருங்கள், புரியும். (மலையடிவாரத்தில் எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள்.) மூளையிலுள்ள ஏற்பிகளும் பாதம் மாதிரிதான், பக்கம் பார்க்கும். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் மெக்கூலம் குழுவினர் செயற்கையாக ஒரு மூலக்கூறு இரட்டையரை உருவாக்கினார்கள். ஒன்றான எச்.யு.210, கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.யைவிடப் பல மடங்கு வீரியமான போதை. அதன் கண்ணாடிப் பிம்பமான எச்.யு.211, கஞ்சா ஏற்பியைச் சீண்டுவதே இல்லை. பக்கத்து வீட்டுக் கதவான குளுட்டமேட் ஏற்பி ஒன்றை அடைக்கிறது. 'ஆகா, போதையில்லா மருந்து' என்று தலைக்காயத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய சோதனையில் தேறவில்லை. உங்கள் ஊர்க் கொய்யா தேவலை, எந்தப் பக்கம் கடித்தாலும் கொய்யாதான்!